ஆணுக்கும் பெண்ணுக்கும் பிரஷர் ஒரே மாதிரியா? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர் ரத்த அழுத்தத்தை நம் பக்கத்தில் எல்லோரும் பிரஷர் என்றுதான் சொல்கிறோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நோய் ஒன்றுதான். ஆனால் ஆணுக்கு அது வரும் வயது வேறு, பெண்ணுக்கு வரும் வழி வேறு, கண்ணில் படாமல் நழுவிப்போகும் இடமும் வேறு. ஆணுக்கு முதல் தடவை அளந்து பார்ப்பதே தள்ளிப்போகிறது. பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்றின்போது அளந்ததோடு சரி, அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், காட்பாடி என்று இந்த வட்டாரத்து வீடுகளில் எழும் கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பிரஷர் ஆண்களுக்குத்தானே அதிகம்?

நாற்பது வயது வரைக்கும் பார்த்தால் ஆமாம். அதற்கு மேல் அந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வரும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்கள் வேகமாக எட்டிப் பிடிக்கிறார்கள். அறுபது, அறுபத்தைந்தைத் தாண்டினால் பல ஊர்களில் பெண்கள்தான் அதிகம்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்திய அளவில் ஆண்களில் ஏறக்குறைய 24 சதவீதம் பேருக்கும் பெண்களில் 21 சதவீதம் பேருக்கும் ரத்த அழுத்தம் கூடியிருந்தது, அல்லது அதற்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் இரண்டுமே கூடுதல்: ஆண்களில் சுமார் 30, பெண்களில் சுமார் 25. நான்கு பெண்களில் ஒருவர் என்பது சின்ன விஷயமில்லை. இது ஆம்பளைங்க நோய் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வீடுகளில் முதலில் மாற வேண்டியது இந்த எண்ணம்தான்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு வராது என்பதும் பழைய நம்பிக்கை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1990-களின் தொடக்கத்தில் வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் ஒன்றியத்துக் கிராமங்களிலும் எடுத்த கணக்கை, 2010–12-ல் மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதய நோயைக் கொண்டுவரும் சர்க்கரை, உடல் எடை, பிரஷர் எல்லாம் கிராமங்களிலும் ஏறியிருந்தன.

இளம் வயதில் பெண்களுக்கு ஏன் குறைவு?

ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் ரத்தக் குழாயின் உள்சுவரை நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளைச் சுரக்கவைக்கிறது. அது குழாயைத் தளர்த்தி விரியவிடும். உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்துவைத்து அழுத்தத்தை ஏற்றும் ஓர் ஏற்பாடு சிறுநீரகத்தோடு சேர்ந்து இயங்குகிறது. அதையும் ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைக்கிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. நின்றதும் இந்தப் பாதுகாப்பு போய்விடும். குழாய்கள் விறைக்கும், இடுப்பைச் சுற்றி எடை போடும், உப்புக்கு உடம்பு முன்பைவிட அதிகமாக எதிர்வினை காட்டும்.

இன்னொன்றும் உண்டு. பெண்ணுக்கு அழுத்தம் குறைவாகத் தொடங்கினாலும் இருபதுகளிலிருந்தே ஆணைவிட வேகமாக ஏறுகிறது என்று 2020-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. ஐம்பது வயதில் திடீரென்று வந்ததுபோல் தெரிவது, பல பெண்களிடம் இருபது வருடமாக ஏறிக்கொண்டிருந்ததுதான்.

எவ்வளவு இருந்தால் பிரஷர்? ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்றா?

இல்லை, இருவருக்கும் ஒரே அளவுதான். மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் எடுத்து 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிரஷர். வீட்டில் எடுத்தால் 135/85. சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ சேர்ந்திருப்பவர்களுக்கு 130/80-க்குக் கீழே வைக்க மருத்துவர்கள் முயல்வார்கள்.

என் மனைவிக்கு மாசமா இருந்தப்போ 150/100 இருந்தது. பிரசவம் ஆனதும் சரியாயிடுச்சு. இனி கவலை இல்லையே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு அளவு 140/90-ஐத் தாண்டினால் அதைக் கர்ப்பகாலப் பிரஷர் என்கிறோம். அதோடு சிறுநீரில் புரதம் போனால், அல்லது கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள் பாதிக்கப்பட்டால், அது முன்சூல்வலிப்பு. 160/110-ஐத் தொட்டால் அவசரம்: வலிப்பு வரலாம், மூளையில் ரத்தம் கசியலாம். விடாத தலைவலி, கண் மங்குதல், மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் வீங்குவது ஆகியவை தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்கறது சகஜம் என்று பெரியவர்கள் சொல்வது பாதி சரி. கால் வீக்கம் பலருக்கும் வரும். அளந்து பார்க்காமல் அது சாதாரண வீக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது.

பிரசவத்துக்குப் பிறகு நடப்பதில்தான் நம் ஊரில் பெரிய ஓட்டை இருக்கிறது. குழந்தை பிறந்த மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை அழுத்தம் மறுபடி உச்சத்துக்குப் போகலாம். சரியாக அந்த நாட்களில்தான் பெண்ணை மருத்துவமனையிலிருந்து அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம். ஊர் மாறுகிறது, பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் மாறுகிறார், எல்லோருடைய கண்ணும் குழந்தைமேல். அந்த வாரத்தில் தலைவலி என்று அவள் சொன்னால் தூக்கம் கெட்டதால் என்று விட்டுவிடாதீர்கள், அளந்து பாருங்கள். அம்மா வீட்டுக்கு அருகில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் பத்து நாளைக்குள் இரண்டு முறையாவது காட்டுங்கள். அப்புறம் 12-வது வாரத்தில் ஒரு முறை.

சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முன்சூல்வலிப்பு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் பிரஷர் வரும் வாய்ப்பு மூன்று நான்கு மடங்கு. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் வருடம் ஒரு முறை, ஆயுளுக்கும் அளக்க வேண்டும். எந்த மருத்துவரிடம் எதற்குப் போனாலும், பிரசவத்தில் பிரஷர் இருந்தது என்று அந்தப் பெண்ணே சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்பவர்கள் குறைவு. கர்ப்பகால அட்டையைக் குழந்தையின் தடுப்பூசி முடிந்ததும் தூக்கிப் போடாதீர்கள். ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.

அடுத்த குழந்தைக்கு முன்னால் ஏதாவது செய்யலாமா?

கண்டிப்பாக. முதல் கர்ப்பத்தில் வந்தவர்களுக்கு மறுபடி வராமல் தடுக்க, 12-வது வாரத்தை ஒட்டிக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவது உண்டு. மாதம் தள்ளிப்போனதுமே மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கர்ப்பத்துக்கு முன்பே போக வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டான், லோசார்டான் ஆகியவை வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கெடுதி. அவற்றுக்குப் பதில் லாபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்றவற்றுக்கு மாற்றுவார்கள். பயந்துபோய் மாத்திரையை மொத்தமாக நிறுத்திவிடுவதும் ஆபத்துதான்.

குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்ததால் பிரஷர் வருமா?

வராது. காப்பர் டி-யாலும் வராது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். அதைத் தொடங்கும் முன்பும் தொடங்கிய சில மாதங்களிலும் அளந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே பிரஷர் இருப்பவர்கள் வேறு வழியைக் கேட்டுப் பெறலாம்.

கர்ப்பப்பையை 38 வயதில் எடுத்துவிட்டார்கள். படபடப்பு, வியர்வை, தலை பாரம். இது பிரஷரா, அந்த வயசுக் கோளாறா?

அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பு குப்பென்று சூடாவது, வியர்ப்பது, தூக்கம் வராதது எல்லாம் வரும். பிரஷர் பெரும்பாலும் எதையும் காட்டாமல் இருக்கும். இரண்டும் ஒரே வயதில் வருவதால் குழப்பம். அந்த வயசுல அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அளக்காமலே அனுப்பிவிடுவதைப் பல பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், வருத்தமாக இருக்கிறது. அளப்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்திருந்தால், மாதவிடாய் அன்றைக்கே நின்றுபோனதற்குச் சமம். 45 வயதுக்கு முன் இப்படி நடந்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து கூடுதல். ஆபரேஷன் தாளை எடுத்து, எது எது எடுக்கப்பட்டது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பீடி சுற்றுகிறேன். குடிப்பதில்லை, புகைப்பதில்லை. எனக்கு ஏன் பிரஷர்?

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் இது நியாயமான கேள்வி. நாள் முழுக்கச் சப்பணமிட்டு உட்கார்ந்தே வேலை, நடை கிடையாது, புகையிலைத் தூள் கையிலும் மூச்சிலும் போய்க்கொண்டே இருக்கிறது. சுற்றும் பெண்களின் உடம்பில் நிக்கோட்டின் சேர்வதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் இருந்தால், ஒவ்வொரு தடவை அடக்கும்போதும் அழுத்தம் ஏறி இறங்கும்.

ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: முதுகு வலிக்கும் முட்டி வலிக்கும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? மெடிக்கலில் வலி மாத்திரை என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக். ஐபுபுரூஃபனும் உண்டு. இவை எல்லாமே உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்து அழுத்தத்தை ஏற்றும். சாப்பிடும் பிரஷர் மாத்திரை வேலை செய்யவிடாமலும் தடுக்கும். நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகம் மறுபடி பிரஷரை ஏற்றும். மாத்திரை மூன்று ஆகியும் அடங்காத பிரஷர், வலி மாத்திரையை நிறுத்தியதும் இறங்கிவந்ததை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். இந்த வலி பெண்களுக்கு அதிகம், அதனால் இந்த வழியாக வரும் பிரஷரும் பெண்களுக்கு அதிகம். மருத்துவரிடம் போகும்போது வலி மாத்திரை அட்டையையும் எடுத்துப்போங்கள். வலி தாங்க முடியாத நாளில் பாராசிட்டமால் இவற்றைவிட மேல், அதையும் அளவோடு.

மணிக்கு ஒரு முறை தட்டை இறக்கிவைத்து எழுந்து ஐந்து நிமிடம் நடப்பது முட்டிக்கும் நல்லது, பிரஷருக்கும் நல்லது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கு அந்த ஐந்து நிமிடமும் காசு என்று தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

எனக்கு 34 வயசு. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. ஒரு தொந்தரவும் இல்லை. நான் எதற்குப் பார்க்கணும்?

தொந்தரவு இல்லை என்பதால்தான். பெண்கள் கர்ப்பத்துக்காவது மருத்துவமனைக்குப் போகிறார்கள், அங்கே யாராவது கையில் பட்டை கட்டி அளந்துவிடுகிறார்கள். ஆணுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வருவதேயில்லை. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார். அதனால் இந்தியாவில் தனக்குப் பிரஷர் இருப்பதே தெரியாதவர்கள் ஆண்களில்தான் அதிகம், தெரிந்தும் மாத்திரை எடுக்காதவர்களும் அப்படியே. நாற்பத்தைந்து வயதில் பக்கவாதத்தில் விழுந்த பிறகுதான் முதல் அளவு எடுக்கப்படுகிறது. பதினெட்டு வயதுக்கு மேல் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையும், முப்பதுக்கு மேல் வருடத்துக்கு ஒரு தடவையும் பார்த்தால் போதும்.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதிலேயே பிரஷர் என்றால் இன்னும் முன்கூட்டியே.

குடிப்பதற்கும் குறட்டைக்கும் சம்பந்தம் உண்டா?

இரண்டுக்கும் உண்டு. தினமும் குடிப்பவரின் அழுத்தம் ஏறியே இருக்கும், நிறுத்தினால் சில வாரங்களில் இறங்கும். மாத்திரைக்கு இணையாக இறங்குபவர்களும் உண்டு. குறட்டை விட்டுத் தூங்கும்போது நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பவர்கள், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்பவர்கள், அதைச் சொல்லிப் பரிசோதிக்க வேண்டும். இது ஆண்களுக்கு அதிகம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும், ஆனால் பெண் குறட்டை விடுவதை வீட்டில் வெளியே சொல்வதில்லை. சொல்லுங்கள்.

பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் ஆண்மை குறையுமாமே?

பல ஆண்கள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதற்கு இதுதான் காரணம். சில வகை மாத்திரைகளால் சிலருக்கு அந்தச் சிக்கல் வரும்: பீட்டா பிளாக்கர் என்னும், இதயத் துடிப்பைக் குறைக்கும் பழைய மாத்திரைகள், சில நீர் பிரிக்கும் மாத்திரைகள். எல்லா மாத்திரையாலும் வராது. கட்டுப்படாத பிரஷரே ரத்தக் குழாயைக் கெடுத்து அதே குறையைக் கொண்டுவரும். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். மாத்திரையை மாற்றித் தர வழி இருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், ஆண்மைக்கென்று விற்கும் வீரிய மாத்திரைகளைத் தொடவே கூடாது. அழுத்தம் அடியோடு விழுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

பெண்களுக்கு மாத்திரையால் என்ன தொந்தரவு வரும்?

ஆம்லோடிபின் என்னும் பிரஷர் மாத்திரையால் கணுக்கால் வீங்குவது பெண்களுக்கு அதிகம். கொலுசு இறுகுவதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். எனலாப்ரில் வகையில் வரட்டு இருமலும் பெண்களுக்குத்தான் அதிகம். மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்துக்கொண்டிருக்காமல் மாத்திரையைச் சந்தேகியுங்கள். நீர் பிரிக்கும் மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தடுமாற்றமும் குழப்பமும் வருவது வயதான பெண்களிடம் பார்க்கக்கூடியது. எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு.

இந்துப்பு போட்டால் பிரஷர் ஏறாதா?

ஏறும். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூன். கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம், வடகம் என்று சேர்த்தால் அந்த அளவு மதியத்துக்குள்ளேயே முடிந்துவிடும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சச் சோற்றில் மோர் ஊற்றி ஊறுகாயோடு முடித்துக்கொள்ளும் அம்மாக்களுக்குத்தான் உப்பு அதிகம் போகிறது, காய் குறைவாகப் போகிறது. மாதவிடாய் நின்ற பிறகு உப்பு அதிகமாக வேலை காட்டும் என்று மேலே சொன்னேன். அந்த வீட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்ப் பொரியல் செய்தால் அவருக்கும் ஒரு பங்கு எடுத்துவையுங்கள்.

சோடியம் குறைத்துப் பொட்டாசியம் கலந்து விற்கும் உப்பு நல்லதுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் எனலாப்ரில், டெல்மிசார்டான் சாப்பிடுபவர்களும் கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

கத்திரி வெயிலில் தலை சுற்றுகிறது. மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். வேலூர் வெயிலில் வியர்த்து நீர் குறையும்போது, அதிலும் நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு, அழுத்தம் இறங்கலாம். உட்கார்ந்தும் நின்றும் அளந்து எழுதிக்கொண்டு போய்க் காட்டினால் அளவைக் குறைத்துத் தருவார்கள்.

முகாமில் 170 என்றார்கள், மறுநாள் 138. எதை நம்புவது?

எடுத்த விதத்தைப் பொறுத்தது. காபி, பீடி, புகையிலை எடுத்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் இரண்டையும் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பெண்களுக்கு ஒரு தனிச் சிக்கல்: இறுக்கமான ஜாக்கெட் கையை மேலே சுருட்டினால் அது கையை இறுக்கி அளவைக் கெடுக்கும். தடித்த துணிமேல் கட்டினாலும் தப்பு. அளக்கப் போகும் நாளில் தளர்வான கை உள்ள உடுப்பைப் போடுங்கள், முகாமில் மறைவு கேளுங்கள். முகாம் நடத்துபவர்கள் ஒரு திரையாவது கட்டினால் நன்றாக இருக்கும். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை வேண்டும், சின்னதில் அளந்தால் அதிகமாகக் காட்டும்.

முதல் தடவை இரண்டு கையிலும் எடுக்கச் சொல்லுங்கள். முப்பது வயதுகூட ஆகாத பெண்ணுக்குப் பிரஷர் இருந்து, இரண்டு கை அளவும் நிறைய வேறுபட்டால், அல்லது ஒரு கையில் நாடி தெரியாவிட்டால், ரத்தக் குழாய் அழற்சி நோயாக இருக்கலாம். ஆசியாவில் அது இளம் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. பெரிய மருத்துவமனையில் காட்ட வேண்டும்.

செலவு இல்லாமல் எங்கே பார்ப்பது?

எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அளக்கலாம், மாத்திரையும் இலவசம். சிக்கலானதற்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெயர் பதிந்தவர்களுக்குப் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வருபவர்கள் பகலில் வருவதால் வேலைக்குப் போன ஆண்கள் விடுபட்டுப் போகிறார்கள். வீட்டில் இருக்கும் ஆண்களின் பெயரையும் சொல்லி, எந்த நேரம் வந்தால் பார்க்கலாம் என்றும் சொல்லிவையுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்கிப்போவது, பேச்சு குழறுவது தெரிந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே பிரஷர் மாத்திரைதான். அப்பா அட்டையிலிருந்தே அம்மாவும் எடுத்துக்கொள்கிறார். பரவாயில்லையா?

பல வீடுகளில் நடப்பது இது. மாத்திரையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் மில்லிகிராம் வேறாக இருக்கலாம். அதைவிட, அம்மாவுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, சோடியம் பொட்டாசியம் எவ்வளவு, முட்டி வலிக்கு என்ன சாப்பிடுகிறார் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு ஆளுக்குத் தந்ததை இரண்டு பேர் சாப்பிட்டால் மாதத்தில் பாதி நாள் இருவருக்குமே மாத்திரை இருக்காது. அப்பாவைக் கூட்டிப்போகும் அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிப்போய், அவர் பெயரில் தனியாக ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில், எந்தப் பிரசவத்தில் பிரஷர் இருந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.